நமக்கெல்லாம் அது வராது, மருமகனே!

மருமகனே, மதுரை காளவாசல் சிக்னல் ஓரத்து டீக்கடையில நாலு பேரு கேக்க நீ ஒரு தீர்ப்பு சொன்னியாமே? "ஆஸ்துமாங்கிறது வெள்ளைக்காரன் வியாதி. பனியில கெடக்குறவனுக்கு வர்றது. நம்மது கம்மங்கூழு குடிச்சு வளந்த ஒடம்பு, நமக்கெல்லாம் அது வராது." சொல்லி முடிக்கிறதுக்குள்ள இருமல் பிடிச்சு, டீ புரையேறிருச்சுன்னு நெஞ்சத் தட்டிக்கிட்டியாம். கடைக்காரன் என்கிட்ட வந்து சொல்லிச் சிரிச்சான். தங்கச்சி மகனாச்சே, விட்டுக் குடுக்க முடியுமா? "அவன் சொன்னதுல முக்காவாசி சரிதாம்ப்பா"ன்னேன். உன்னைய மாதிரி ஆளுகளக் கெடுக்குறதே இந்த முக்காவாசி சரிதான்.

மொதல்ல உனக்குப் பிடிச்ச கணக்கச் சொல்லிர்றேன், வாய் இனிக்கட்டும். டாக்டருக்குப் படிக்கிற எம் பேத்தி செல்லுல படிச்சுக் காட்டுச்சு. 1991-ல 'ஐசக்'னு ஒரு உலகக் கணக்கெடுப்பு ஆரம்பிச்சிருக்காக. ஐசக்குன்னதும் யாரோ பாதிரியாரு போலன்னு நெனச்சேன். குழந்தைகளோட ஆஸ்துமாவையும் அலர்ஜியையும் எண்ணுற கூட்டத்துக்கு அது சுருக்குப் பேராம். 56 நாடு, 155 எடம், 13, 14 வயசுப் பிள்ளைக மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல. எல்லாருக்கும் ஒரே கேள்வி: போன 12 மாசத்துல மூச்சு விடுறப்ப நெஞ்சுக்குள்ள விசிலடிச்சுச்சா? கேள்வி புரியாமப் போயிரக் கூடாதுன்னு நெறைய எடத்துல, மூச்சு முட்டுற ஆளு எப்பிடி இருப்பான்னு வீடியோவே போட்டுக் காட்டியிருக்காக. 1998-ல முடிவு வந்துச்சு. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் உச்சியில. இந்தோனேசியா, சீனா, கிரீஸ், எத்தியோப்பியா, நம்ம இந்தியா எல்லாம் அடியில. பிரிட்டன்ல மூணு பிள்ளையில ஒண்ணுக்கு விசிலு. இந்தோனேசியாவுல நூத்துக்கு ரெண்டு.

"பாத்தியா மாமா, அப்பவே சொன்னேன்ல"ன்னு மீசையத் தடவிக்க. ஆனா எந்திரிச்சுப் போயிராத, மிச்சமும் இருக்கு.

வெள்ளத்தோலுதான் காரணம்னா, ஒரே தோலுக்காரனுக்குள்ள ஏன்டா இம்புட்டு வித்தியாசம்? அமெரிக்காவுல ஆமிஷ்னு ஒரு கூட்டம், ஹட்டரைட்னு ஒரு கூட்டம். ரெண்டு பேருக்கும் பூர்வீகம் ஐரோப்பாவுல ஆல்ப்ஸ் மலைப் பக்கம். ரெண்டு பேரும் விவசாயி, பக்திமான். ஆமிஷ் பிள்ளைகள்ல ஆஸ்துமா நூத்துக்கு 5. ஹட்டரைட் பிள்ளைகள்ல நூத்துக்கு 21. ஏன்னு 2016-ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா, ஆமிஷ்காரன் இன்னும் குதிர கட்டி உழுறான். மாட்டுக் கொட்டம் வீட்ட ஒட்டி இருக்கு, புள்ளைக அதுக்குள்ளயே உருண்டு பெரண்டு வளருது. ஹட்டரைட்காரன் பெரிய பெரிய மெஷின வச்சு விவசாயம் பண்றான், மாடு எங்கிட்டோ தூரத்துல. ஆமிஷ் வீட்டுத் தூசிய எடுத்துட்டுப் போயி எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காக, அந்த எலிக்கு இளைப்பு வர மாட்டேங்குதாம்! இதக் கேட்டதும் உங்க அப்பத்தா ஞாபகம் வந்துச்சு. கொட்டத்துச் சாணிய ஒரு கையில அள்ளிக்கிட்டு மறு கையில உனக்குச் சோறூட்டுன மகராசி. அதுக்காகப் பைபாஸ் ரோட்டு அப்பார்ட்மென்ட்டு மூணாவது மாடியில இன்னிக்கு மாடு கட்டப் போயிராத. லிஃப்ட்ல ஏறாது.

ஜெர்மனிக் கதை இன்னும் வேடிக்கை. பெர்லின் சுவரு இடிஞ்ச கையோட, கிழக்கு ஜெர்மனிப் பிள்ளைகளையும் மேக்கு ஜெர்மனிப் பிள்ளைகளையும் எண்ணிப் பாத்தாக. லைப்சிக், ஹாலேன்னு கிழக்குப் பக்கத்து ஊருக, கரிப் புகையில முங்கிக் கெடந்த ஊருக. மேக்குல ம்யூனிக், துடைச்சு வச்ச ஊரு. புகையூர்ப் பிள்ளைகளுக்குத்தான் நெஞ்சு கெட்டிருக்கும்னு எல்லாரும் நெனச்சா, அலர்ஜியும் ஆஸ்துமாவும் ம்யூனிக் பக்கந்தான் அதிகம். இதச் சொன்னதும் நீ பீடியப் பத்த வைக்கிற பாரு, அதத்தான் சொல்ல வந்தேன். புகை நல்லதுன்னு யாரும் சொல்லல. வியாதி மொளைக்கிறதுக்குக் காரணம் வேற, மொளைச்ச வியாதியக் கெளப்பி விடுறது வேற. புகை பழைய ஆஸ்துமாக்காரன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிச் சேத்துரும். காலம் பூரா உள்ள போனா ஆரோக்கியசாமி நெஞ்சையும் அரிச்சுரும்.

பெறப்புல வர்றதும் உண்டு. தெக்கு அட்லாண்டிக் கடல் நடுவுல டிரிஸ்டான் ட குன்யான்னு ஒரு தீவு. இருக்குறதே ஏறக்கொறைய 250 பேரு. பக்கத்து ஊருன்னா 2,400 கிலோமீட்டர் கப்பல்ல போகணும். அங்க பாதிப் பேருக்கு ஆஸ்துமா! ஆதியில குடியேறுன பதினஞ்சு பேருல ரெண்டு மூணு பேரு இளைப்புக்காரக. பெறகு அந்தத் தீவுக்குள்ளயே கொண்டும் குடுத்தும் பெருகி, சொத்தோட இளைப்பையும் சேத்துப் பங்கு வச்சுக்கிட்டாக. சொந்தம் விட்டுப் போயிரக் கூடாதுன்னு அத்தை மகளையே கட்டுன நீ இதக் கேட்டு என்னைய மொறைக்காத. உங்க அத்தைக்கு, அதாவது எம் பொண்டாட்டிக்கு, மார்கழி வந்தா ராத்திரி பூரா ஒக்காந்துதான் தூக்கம்னு தெரிஞ்சுதான கட்டுன?

சரி, நம்ம சனத்துக்கு வருவோம். மண்ண மாத்துனா என்ன ஆகும்னு மெல்போர்ன்ல பாத்தாச்சு. 2016 நவம்பர் 21, சாயந்தரம். இடியோட காத்து வீசுச்சு. நம்ம ஊர்ல இடி இடிச்சா அண்டா குண்டாவ வாசல்ல வைப்போம். அங்க ஆம்புலன்சுக்குப் போன் போட்டாய்ங்க. ரை புல்லோட மகரந்தம் ஈரத்துல ஊறி வெடிச்சு, பொடிப் பொடியாகி, நெஞ்சுக் கூட்டோட அடி வரைக்கும் எறங்கிருச்சு. ஆயிரக்கணக்கான பேரு ஆஸ்பத்திரிக்கு ஓட, 10 பேரு போயிச் சேந்துட்டாக. அதுல கவனி: இந்தியாவுலயும் இலங்கையிலயும் இருந்து போனவுகதான் அவுக தொகைக்கு மீறி அடிபட்டாக. நெறையப் பேருக்கு அதுக்கு முன்னால ஆஸ்துமான்னே யாரும் சொன்னதில்ல. தும்மலும் மூக்கொழுகலும் மட்டும் இருந்திருக்கு. கம்மங்கூழு ஒடம்பு கப்பலேறிப் போயும் தப்பிக்கல மருமகனே.

அம்புட்டு தூரம் எதுக்கு? பெங்களூருல ஒரு டாக்டர் தன் ஆஸ்பத்திரிக்கு வர்ற பிள்ளைகள வருசக்கணக்கா எண்ணிக்கிட்டே வந்தாரு. 1979-ல நூத்துக்கு 9 பிள்ளைக்கு ஆஸ்துமா. 1999-ல நூத்துக்கு 29-ஐத் தாண்டிருச்சு. இருவது வருசத்துல பெங்களூருக்காரன் தோலா மாறிருச்சு? சென்னையிலயும் சுத்துப்பட்டுக் கிராமத்துலயும் எடுத்து 2002-ல வெளியான கணக்குல, 6 வயசுலருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகள்ல மூச்சுத் திணறல் வந்ததுண்டுன்னு சொன்னது நகரத்துல நூத்துக்கு 22, கிராமத்துல 9. நீ உசிலம்பட்டிப் பக்கத்துலருந்து காளவாசலுக்குக் குடி வந்தப்ப சாமானோட சேத்து இதையும் ஏத்திக்கிட்டு வந்திருக்க.

இங்கிட்டு என்ன கொறைச்சல்? தேனி ரோட்டு பஸ் ஒரு பக்கம் புகையக் கக்குது, பைபாஸ் லாரி மறு பக்கம். ஊருக்கு வெளியில போனா சீமைக் கருவேலம். அத வெட்டச் சொல்லி நம்ம மதுரைக் கிளை ஹைகோர்ட்டே உத்தரவு போட்டுச்சு, தண்ணிய உறிஞ்சுதுன்னு. அதோட பூந்தூளு மூக்குக்கும் ஆகாது. வீட்டுக்குள்ள வந்தா கதவச் சாத்திக்கிட்டு கொசுவர்த்தி, வெள்ளிக்கெழமைன்னா சாம்பிராணி. கல்யாணத்துக்குச் சீதனமா வந்த இலவம்பஞ்சு மெத்தை இன்னும் வெயில் பாக்கல. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி குடும்பம் நடத்துது. நீ படுத்ததும் அதுகளுக்கு விருந்து.

இதெல்லாம் விதின்னு ஒக்காந்திராம காரணத்தத் தேடுனவனுக்குக் கெடச்சிருக்கு. ஸ்பெயின்ல பார்சிலோனா ஊர்ல 1981-லருந்து 87 வரைக்கும் திடீர் திடீர்னு ஒரே நாள்ல கூட்டங் கூட்டமா மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்காக. நம்மூரா இருந்தா முனி அடிச்சிருச்சுன்னு கெடா வெட்டியிருப்போம். அவுக நாள எழுதி வச்சு ஒத்துப் பாத்தாக: தொறைமுகத்துல சோயா எறக்குற நாளும் மூச்சு முட்டுற நாளும் ஒண்ணா இருந்துச்சு. சோயாக் குதிருக்கு மேல வடிகட்டி மாட்டுனாக. அத்தோட தீந்துச்சு.

இனி உனக்குப் பிடிக்காத கணக்கு. உலகத்துல ஆஸ்துமாக்காரக 2019-ல 26 கோடிப் பேரு. அதுல நம்ம நாட்டாளுக ஏறக்கொறைய மூன்றரைக் கோடி. நூத்துக்கு 13 பங்கு. சனத்தொகைக்கு அது கம்மிதான், ஒத்துக்கிறேன். அதே வருசம் ஆஸ்துமாவுல செத்தவுக உலகம் பூரா 4,55,000 பேரு. அதுல நம்ம பங்கு எம்புட்டு தெரியுமா? நூத்துக்கு 40-க்கும் மேல! வியாதி வெள்ளைக்காரனுக்கு, எழவு நமக்கு. பந்தியில ஒக்காந்தவன் ஒருத்தன், மொய் எழுதுறவன் இன்னொருத்தன்.

ஏன் இப்பிடின்னு கேளு. 2022-ல வெளியான இன்னொரு கணக்கு இருக்கு. டெல்லி, கொல்கத்தா, புனே, மைசூரு, கோட்டயம்னு ஒம்பது எடத்துல எடுத்தது. நெஞ்சுல விசிலடிக்குதுன்னு சொன்னவுகள்ல நூத்துக்கு 82 பேருக்கு, இது ஆஸ்துமான்னு எந்த டாக்டரும் பேர் சொல்லவே இல்ல. அப்ப நாம இதுக்கு முன்னால சொன்ன கம்மிக் கணக்கு எல்லாம் எந்த லச்சணத்துல இருக்கும்? நீயே சொல்லு, உங்கிட்ட ஒரு புள்ள நோட்டோட வந்து "ஐயா உங்களுக்கு ஆஸ்துமா உண்டா"ன்னு கேட்டா என்ன சொல்லுவ? "எனக்கா? லேசா பனி ஒத்துக்காது, அம்புட்டுதான்." நோட்டுல ஒரு ஆளு கொறைஞ்சாச்சு.

ஆகவே இந்தப் பெருமையக் காப்பாத்திக்க மாமன் சில யோசனை சொல்றேன், கவனமாக் கேட்டுக்க.

மொத வேலை, அந்தப் பேர மட்டும் வாயில எடுக்காத. சளிக்கட்டுன்னு சொல்லு, தூசி அலர்ஜின்னு சொல்லு, லேசா வீசிங்னு சொல்லு. பேரு சொல்லாத வரைக்கும் அது வந்த மாதிரியே இல்ல. அடுத்தது, மகளுக்கு வரன் பாக்க வர்றன்னிக்கு அவ மூச்சுக்கு உறிஞ்சுற பம்ப பீரோவுல சேலைக்கு அடியில ஒளிச்சு வையி. காப்பித் தட்டோட அந்தப் புள்ள மூச்சு வாங்கிக்கிட்டே வந்தா, வெக்கப்படுறான்னு சொல்லிக்கலாம். ராத்திரி முட்டுச்சுன்னா மெடிக்கலுக்குப் போயி ஒரு செட்டு மாத்திரை கேளு. கலர் கலரா நாலு, அஞ்சு வரும். அதுல ஒண்ணு ஸ்டீராய்டு. காலையில புது மாப்பிள்ளையாட்டம் எந்திரிப்ப. மாசா மாசம் அப்பிடியே முழுங்கிக்கிட்டு வா. மொகம் உப்பிப் பொலிவா இருக்கும், சர்க்கரையும் எலும்பு நோவும் இனாமா வந்து சேரும். வைகாசிக் கடைசியில மிருகசீரிடம் வந்தா ஹைதராபாத்துக்கு ரயிலேறு. அங்க உசுரோட விரால் குஞ்சு வாயில மருந்த வச்சு முழுங்கச் சொல்லுவாக. கேக்குதுன்னு யாரும் இன்னும் நிரூபிச்சுக் காட்டல. அதனால என்ன, ரயில்ல ஜன்னல் சீட்டு கெடைக்கும்ல? கடைசியா முக்கியமான யோசனை: டாக்டர் தெனம் எடுக்கச் சொன்ன மருந்து இருக்கு பாரு, நெஞ்சு லேசானதும் அத நிப்பாட்டிரு. "பம்பு பழகிப் போயிரும்"னு பக்கத்து வீட்டுக்காரன் சொல்லியிருக்கான்ல. அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், அவன் கொத்து வேலையில நல்ல அனுபவஸ்தன்.

இம்புட்டும் செஞ்சு முடிச்சா, எழவுக் கணக்குல நம்ம ஊரு ஒரு படி மேல வரும்.

சிரிச்சிட்டியா? இப்ப வெத்தலப் பையத் தொறந்து காட்டுறேன். பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அதுக்கு அடியில பம்பு. எனக்குந்தான். பஞ்சாயத்துல ஒக்காந்திருக்கப்பவே எடுத்து உறிஞ்சுவேன், எவன் என்ன சொல்றான்? எடுக்குற பக்குவம் இருக்கு. நல்லாக் குலுக்கணும். இருக்குற மூச்ச வெளிய விட்டுறணும். வாய இறுக்கி மூடிப் பிடிச்சு, அமுக்குற அதே நேரத்துல மெதுவா உள்ள இழுக்கணும். பத்து எண்ணுற வரைக்கும் மூச்ச நிப்பாட்டணும். நீ பண்ற மாதிரி நாக்குல அடிச்சுக்கிட்டா, மருந்து நாக்குக்குத்தான். கை, மூச்சோட ஒத்து வராத சின்னப் புள்ளைக்கும் கெழவனுக்கும் ஒரு பிளாஸ்டிக் குடுவ உண்டு, ஸ்பேசர்னு கேட்டு வாங்கணும். தெனசரி மருந்த உறிஞ்சி முடிச்சதும் வாயக் கொப்புளிச்சுத் துப்பணும்.

பம்புல ரெண்டு சாதி இருக்கு, அதத் தெரிஞ்சுக்க. நீலப் பம்பு முட்டுறப்ப மூச்சுக் கொழாயத் தளத்தி விடும். கொழாய்க்குள்ள இருக்குற வீக்கத்தத் தொடாது. வீக்கத்த வத்த வைக்கிறது தெனம் எடுக்குற இன்னொரு பம்பு. ஒழுகுற எடத்துக்குக் கீழ சட்டி வைக்கிறது நீலம். கூரை ஏறி ஓடு மாத்துறது மத்தது. நீ சட்டிய மட்டும் மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு இருக்க. நியூசிலாந்துக்காரக இதுல சூடு பட்டாக: 1970-கள் கடைசியில அங்க ஆஸ்துமாச் சாவு திடீர்னு ஏறுச்சு. ஒடனே மூச்சத் தெறந்து விடுற ஒரு பலமான பம்ப நம்பிக் கெடந்தது காரணம்னு பெறகு கண்டுபிடிச்சு, அத நிறுத்துனதும் சாவு கொறைஞ்சுச்சு. வெறும் நீலத்த மட்டும் நம்பி வைத்தியம் பண்ணாதீகன்னு உலக அளவுல ஆஸ்துமா டாக்டர்மாருக 2019-லயே சொல்லியாச்சு.

ஸ்டீராய்டுன்னு பயப்படுறியா? பம்புல வர்றது மைக்ரோகிராம் கணக்கு, நேரா நெஞ்சுக்குப் போகுது. நீ மெடிக்கல்ல வாங்குற செட்டுல இருக்குறது மில்லிகிராம் கணக்கு, ஒடம்பு பூராச் சுத்துது. ஒரு மில்லிகிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம். வட்டிக் கணக்குல புலியான உனக்கு இது புரியாதா?

பின்லாந்துக்காரன் என்ன செஞ்சான்னு கேளு. 1994-லருந்து பத்து வருசத்துக்கு நாடு பூரா ஒரு திட்டம் போட்டான். சீக்கிரமே வியாதியக் கண்டுபிடி, வீக்கத்துக்கு மருந்த மொதல்லயே ஆரம்பி, நர்சுக்கும் மருந்துக் கடைக்காரனுக்கும் சேத்துச் சொல்லிக் குடு. ஆஸ்துமாக்காரக எண்ணிக்கை கொறையல. ஆனா ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில படுத்த நாளு பாதிக்கும் கீழ வந்துருச்சு. நோயாளி நெறைய, சாவு கொஞ்சம். நமக்கு நேர் எதிரு. நோயாளிய எண்ணுறதுக்கு வெக்கப்படாத ஊருல சவத்த எண்ணுற வேலை கம்மியா இருக்கு.

அதனால உலகத்துல யாருக்கு இது அதிகம்னு ஆராய்ச்சி பண்றத அந்த ஐசக்குக்காரகிட்ட விட்டுரு. நீ செய்ய வேண்டியது கொஞ்சந்தான். நாளைக்கு வெள்ளன எந்திரிச்சு பெரியாஸ்பத்திரிக்குப் போ. நெஞ்சு நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கு. தோப்பூர்ல இதுக்குன்னே ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியும் இருக்கு. ஒரு கொழாயக் குடுத்து ஊதச் சொல்லுவாக. மருந்து உறிஞ்சச் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்லுவாக. ரெண்டாவது ஊதல் நல்லா ஏறுச்சுன்னா அது பெரும்பாலும் ஆஸ்துமாதான். அன்னிக்கே பேரச் சொல்லிரு, பொண்டாட்டிகிட்ட, பிள்ளைககிட்ட, வேலை பாக்குற எடத்துல. மகளையும் கூட்டிட்டுப் போ. தெனசரி பம்ப டாக்டர் சொல்ற வரைக்கும் நிப்பாட்டாத. பீடிய இன்னிக்கே விடு. ஆஸ்துமாவுல சாகுறதுல பெரும்பகுதி தடுக்கக் கூடிய சாவுதான் மருமகனே. அதுக்கு மருந்து எப்பவோ வந்தாச்சு, இனி வர வேண்டியது நீதான்.